இரைச்சல் நீக்கப்பட்டது

மாத்தளை மாவட்டத்தில் பங்க் பாடுகிறவர்கள் மொத்தம் பத்தொன்பது பேர். கேட்கிறவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் பத்தொன்பது பேர் பாடுகிறவர்களேதான். மிச்சம் மூவரில் ஒருவன் ஸுஹைல். பாடவும் வராது, எந்த வாத்தியமும் தெரியாது. ஆகவே ரெக்கோட் கம்பெனி தொடங்கினான்.

கம்பெனியின் பெயர் 'தகரம்'. ஊருக்கு வெளியே, யாரும் பாவிக்காமல் கிடந்த ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே அது நடந்தது. வாரத்தில் ஆறு நாள் ஸுஹைல் டவுனில் தன் கடையில் போன் திருத்துவான். ஞாயிற்றுக்கிழமை மைக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போவான். பங்க் என்றால் என்னவென்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "கிட்டார்ல மூணு கோட், நெறயக் கோவம், ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுரும்" என்பான். வில்கமுவயிலிருந்து ஒரு குழு டிராக்டரில் வந்தது. வந்த டிராக்டரை ஓடவிட்டு அதன் சத்தத்தையே தாளமாக வைத்துப் பாடியது. பல்லேகமக் குழு பஸ் கிடைத்த வாரங்களில் மட்டும் இயங்கியது. நாவுலக் குழுவில் மூன்று பேர், மூன்று பேரும் டிரம் அடிப்பவர்கள். ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் பதிவு செய்து, தேதி போட்டு, ஹாட் டிஸ்க்கில் வைத்தான் ஸுஹைல். ஏன் என்று கேட்டால், "நடந்துச்சுன்னு யாராவது சொல்லணுமே" என்பான்.

ஏழு குழுக்களில் மிக உரத்தது, தோட்டத்தில் ஆட்பெயர் குறிக்கும் பதிவேட்டின் பெயரை வைத்துக்கொண்ட 'செக்ரோல்'. டிரம் அடித்தவன் கிஷாந்த். பாடியவள் விஜிதா, இருபத்துமூன்று வயது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமாரின் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. திங்கள் முதல் சனி வரை தொட்டிலாட்டித் தாலாட்டுவாள். ஞாயிறு வந்து கூரை அதிரக் கத்துவாள். வீட்டில் கொம்பியூட்டர் கிளாஸ் என்று சொல்லியிருந்தாள்.

ஏழு குழுக்களையும் ஒரே மேடையில் ஏற்றிப் பதிவு செய்ய வேண்டும் என்று ஸுஹைலுக்கு ஆசை வந்தது. எல்லாம் அந்த ஆசையால் வந்த வினை. மண்டபம் கேட்கப் போனான். மண்டபத்தின் பொறுப்பாளர், "பதிவுக் கடிதம் இருக்கா?" என்றார்.

"என்ன பதிவு?"

"கலைப் பதிவு. பணியகத்துல எடுக்கணும்."

அப்படித்தான் ஒலி மரபுக் காப்புப் பணியகத்தின் மாத்தளைக் கிளைக்கு அவன் போனான். மாவட்டத்தின் ஒலிகள் அழிந்துவிடாமல் காப்பது அந்தப் பணியகத்தின் கடமை. உள்ளே நல்ல அமைதி.

பிரதிப் பணிப்பாளர் மாணிக்கவாசகம் அவனை உட்காரச் சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

"வகை?"

"பங்க், சேர்."

அவர் படிவத்தைப் பார்த்தார். பக்தி, சாஸ்திரியம், நாட்டார், மெல்லிசை என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ஐந்தாவது கட்டத்தில் 'ஏனைய ஒலிகள் (பறவை, நீர்வீழ்ச்சி, இயந்திரம்)' என்றிருந்தது. வில்கமுவ டிராக்டரைப் பற்றி ஸுஹைல் வாய்தவறிச் சொல்லிவிட்டபடியால் 'இயந்திரம்' என்பதற்குச் சரி போடப்பட்டது.

"குருவின் பெயர்?"

"குருன்னு யாரும் இல்ல சேர். அவங்களாக் கத்திப் பழகினாங்க."

"அரங்கேற்றத் திகதி?"

"அரங்கேற்றத்துக்குத்தான் சேர் மண்டபம் கேக்குறேன். மண்டபத்துக்குத்தான் உங்க கடிதம் கேக்குறாங்க."

"அரங்கேற்றம் நடக்காதவர்களுக்குக் கடிதம் கொடுக்க ஏற்பாடு இல்லையே." மாணிக்கவாசகம் உண்மையிலேயே வருந்தினார். அவர் கெட்டவர் அல்ல. யாரையும் ஒருபோதும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை, ஒரு படிவமாவது கொடுத்துத்தான் அனுப்புவார். "ஆனால் ஒரு வழி இருக்கிறது. நேரடிப் பரிசோதனை."

ஆடி மாதத்தில் பணியகத்தின் பரிசோதகர்கள் ஸ்டோருக்கு வந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றாமல் பரிசோதனையைத் தொடங்க முடியாது என்றார்கள். கிஷாந்த் போய் எங்கோ இரவல் வாங்கி வந்தான். கலைஞர்கள் அமர்ந்து பாட வேண்டும் என்று சுற்றுநிருபத்தில் இருந்தது. விஜிதா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். முதல் அடியிலேயே விளக்கு அணைந்துவிட்டது. பரிசோதகர்களில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, 'பக்கவாத்தியம் இல்லை' என்று குறித்துக்கொண்டார். முடிந்ததும் அவளிடம் கனிவாகக் கேட்டார்: "பிள்ளை, இதையே கொஞ்சம் மெதுவாகப் பாடினால் என்ன?"

"மெதுவாப் பாடுற பாட்ட வாரத்துக்கு ஆறு நாள் பாடுறேன் சேர்" என்றாள் விஜிதா.

ஐப்பசியில் இறுதிப் படிவம் வந்தது. தகரத்தின் எல்லா ஒலிப்பதிவுகளையும் 'அரிய ஒலி' என்ற பிரிவில் பணியகத்தில் ஒப்படைத்தால் பதிவுக் கடிதம் கிடைக்கும். கூடவே ஒரு சத்தியக் கடதாசி: வேறு பிரதி எதுவும் தன்னிடமோ பிறரிடமோ இல்லை என்று.

"பிரதி இருக்கே சேர்" என்றான் ஸுஹைல். "லெப்டொப்ல ஒன்னு, பென் டிரைவ்ல ஒன்னு."

மாணிக்கவாசகம் பொறுமையாக விளக்கினார். "பிரதி இருந்தால் அது அரியது அல்ல. அரியது அல்லாததைக் காப்பாற்ற எமக்குச் சட்டத்தில் இடமில்லை. தம்பி, ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கலை வாழ வேண்டுமானால் அது முதலில் எங்களிடம் வர வேண்டும். வெளியே கிடக்கும் கலைகள் தினமும் மாறுகின்றன. எங்களிடம் வந்து சேர்ந்த எதுவும் இதுவரை மாறியதில்லை. அசைந்ததே இல்லை."

"தொலஞ்சு போனா?"

"பாதுகாக்கப்பட்டது எப்படித் தொலையும்?"

ஹாட் டிஸ்க்கைப் பணியகத்தில் கொடுத்துவிட்டு, சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானின் வீட்டு முற்றத்தில் நின்று ஸுஹைல் கையெழுத்துப் போட்டான். சத்தியம் செய்துவிட்டுப் பொய்யனாக இருக்க அவனால் முடியாது. அவன் வாப்பா அப்படித்தான் வளர்த்திருந்தார். கடைக்கு வந்து லெப்டொப்பைத் திறந்து, நான்கு வருடப் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தான். பென் டிரைவையும் அழித்தான். தங்களிடமிருந்த பிரதிகளைக் குழுக்காரர்களும் அழிக்க வேண்டும் என்று கூப்பிட்டுக் கெஞ்சினான்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் கிஷாந்த். "ஒன்ன ஒளிச்சு வை. யாரு வந்து பாக்கப் போறா?"

"சத்தியம் பண்ணிட்டேன்டா."

"பேப்பர்ல பண்ணுனதுதானே!"

அன்றைக்குக் கடை வாசலில் விஜிதாவும் இருந்தாள். செக்ரோலின் பாட்டுகள் இணையத்தில் எங்கும் கிடையாது. தோட்டத்தில் யாராவது கேட்டு வேலைக்கு வினையாகிவிடும் என்று அவளே போடவேண்டாம் என்றிருந்தாள். மார்கழியில் பாட்டுக் கெசட் அடிப்பதாக இருந்தது. அவள் தன் போனிலிருந்த பதிவுகளை ஸுஹைலின் கண் முன்னாலேயே அழித்துவிட்டுச் சிரித்தாள். அவனை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். "என்ன நானா, மௌத் வீட்டுல மாதிரி நிக்கிறீங்க? போனாப் போகுது. மறுபடி பாடிக்குவோம். தொண்டை என்கிட்டதானே இருக்கு."

கடிதம் வந்தது. மண்டபம் மார்கழி இரண்டாம் வாரத்துக்குக் கிடைத்தது.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை அவர்கள் குடியிருந்த லய வரிசைக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருப்பதாகச் சொல்லி, எல்லோரையும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். விஜிதா தன் அம்மா நல்லம்மாவை முதலில் அனுப்பினாள். பிள்ளைக்காம்பராவில் இருந்த குழந்தைகளை இரண்டு தடவையாகக் கொண்டுபோய் இறக்கினாள். யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று பார்க்க மூன்றாம் தடவை ஏறினாள். யாரும் மிஞ்சியிருக்கவில்லை. அப்போது மலை இறங்கியது.

மூன்று நாள் கழித்து அவளை எடுத்தார்கள். மார்கழியில் அந்த மேடையில் யாரும் ஏறவில்லை.

தை மாதத்தில் நல்லம்மா ஸுஹைலின் கடைக்கு வந்தார். வேறு யாரோ கொடுத்த சேலை, வேறு யாரோ கொடுத்த குடை. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, உள்ளே அடுக்கியிருந்த போன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பிதானே ஸுஹைல்?"

"ஓம். உக்காருங்கம்மா."

"என் மக பாடுவாளாமே. முப்பதாம் நாள் அன்னைக்குத்தான் கிஷாந்த் சொன்னாரு. எனக்குத் தெரியாது தம்பி. கொம்பியூட்டர் படிக்கிறான்னு இருந்தேன்." குடையைச் சுருக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். "போட்டோ எல்லாம் மண்ணோட போயிருச்சு. போனும் போயிருச்சு. அவ சத்தம் மட்டும் ஒங்ககிட்ட இருக்குன்னாரு. ஒருக்கா கேட்டுட்டுப் போயிர்றேன்."

ஸுஹைல் தன் கையிலிருந்த திருப்புளியை வைத்தான். நடந்ததைச் சொன்னான். பணியகம், படிவம், சத்தியக் கடதாசி எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது யாரோ இட்டுக்கட்டிய கதை போலிருந்தது.

"பத்தரமாத்தானே இருக்கும்?" என்றார் நல்லம்மா.

"எடுத்துத் தாரேன்மா" என்றான்.

மறுநாளே பணியகத்துக்குப் போனான். மாணிக்கவாசகம் அவனை நினைவு வைத்திருந்தார். "இயந்திரம்!" என்று முகமலர்ச்சியோடு வரவேற்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மீளப்பெறும் படிவத்தை எடுத்தார்.

"கலைஞர் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும்."

"சேர், அந்தப் பிள்ள மௌத்தாகிட்டாவே. மண்சரிவுல. அதுக்குத்தானே..."

"அனுதாபங்கள்." அவர் எழுந்து நின்று சொன்னார், பிறகு உட்கார்ந்தார். "அப்படியானால் இந்தப் படிவம் சரிவராது. மறைந்த கலைஞர்களுக்கு 'மறைந்த மாமேதைகள்' என்று தனிப் பிரிவு உண்டு. நல்ல பிரிவு. அதில் சேர்ந்தால் குடும்பத்தார் கேட்கலாம். வயது?"

"இருபத்துமூணு."

மாணிக்கவாசகம் பேனாவை மூடினார். "அறுபது பூர்த்தியாகி இருக்க வேண்டும். முப்பத்தேழு ஆண்டு குறைகிறதே."

"அதுக்கு என்ன செய்ய ஏலும் சேர்?"

"அவசரப்பட்டுவிட்டார்" என்றார் மாணிக்கவாசகம், மிகுந்த வருத்தத்தோடு.

ஸுஹைல் எட்டுத் தடவை போனான். மரணச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தான். அதில் தொழில் 'பிள்ளை பராமரிப்பு' என்றிருந்தபடியால், அவர் பாடகிதான் என்று கிராம சேவகரிடமிருந்து கடிதம் கேட்டார்கள். கிராம சேவகர், தான் கேட்காத பாட்டுக்குக் கடிதம் தர முடியாது, பாட்டைக் கொண்டுவந்தால் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னார். நல்லம்மாவும் இரண்டு தடவை வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். "சத்தம் போடாமல் இருக்கவும்" என்ற பலகைக்குக் கீழே.

எட்டாம் தடவை மாணிக்கவாசகம் கூட்டத்துக்குப் போயிருந்தார். லிகிதர் சர்மிளா மட்டும் இருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "நானா, இனி அலையாதீங்க. அது மேம்பாட்டுக்குப் போயிருக்கு."

"அப்படின்னா?"

"அனர்த்தத்துல இறந்தவங்களுக்கு வயசு பாக்க வேணாம்னு புதுசா ஒரு சுற்றுநிருபம் வந்துச்சு. பங்குனியில விழா வச்சுக் கௌரவிக்கப் போறாங்க. அதுக்கு முந்தி ஒலிய மேம்படுத்தணுமே. இரைச்சல எடுப்பாங்க."

"எந்த இரைச்சல?"

"எழுபது டெசிபலுக்கு மேல இருக்குறது எல்லாம் இரைச்சல். அப்படித்தான் எழுதியிருக்கு."

"மிஸ், அசல வச்சுக்கிட்டுத்தானே செய்வாங்க?"

சர்மிளா தலையைக் குனிந்துகொண்டார். "அசல்லதான் செய்வாங்க. ரெண்டு இருந்தா அரியது இல்லையே."

வெளியே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. அது ஓய்ந்த பிறகு சர்மிளா பதிவேட்டைத் திருப்பி அவனிடம் காட்டினார். ஒவ்வொரு ஒலிக்கும் உள்ளடக்கச் சுருக்கம் எழுதுவது அவருடைய வேலை. டிராக்டருக்கு நேரே 'டிராக்டர்' என்று எழுதியிருந்தார். செக்ரோலுக்கு நேரே, திருத்தமான கையெழுத்தில் இப்படி இருந்தது: 'ஒரு பெண்பிள்ளை கோபமாக இருக்கிறாள். காரணம் நியாயமானது.'

"ஹெட்போன் போட்டு மூணு தடவ கேட்டேன்" என்றார் சர்மிளா. "ஒரு தடவதான் கேக்கணும்னு ரூல்ஸ்."

விழா பங்குனியில், காலை பத்து மணிக்கு, எந்த மண்டபத்துக்காக ஸுஹைல் முதன்முதலில் கடிதம் கேட்டானோ அந்த மண்டபத்திலேயே நடந்தது. நல்லம்மாவை முன் வரிசையில் இருத்தினார்கள். பின்னால் தகரத்தின் பதினெட்டுப் பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பல்லேகமக் குழுவுக்குக்கூட அன்றைக்குப் பஸ் கிடைத்திருந்தது. மாணிக்கவாசகம் நாற்பது நிமிடம் பேசினார்.

"இந்த ஒலிப்பதிவு எம்மிடம் வந்தபோது அதில் எண்பத்தெட்டு வீதம் இரைச்சல் இருந்தது. இன்று பெருமையோடு சொல்கிறேன், ஒரு துளி இரைச்சலும் இல்லை. கலைஞர் உயிரோடு இருக்கும்போது அவருடைய குறைகளை நீக்குவது எளிதல்ல. மறுத்துப் பேசுவார். செல்வி விஜிந்தா அவர்கள் எமது பணியகத்துக்கு முழு ஒத்துழைப்பு வழங்கினார்." பெயர் பிழைத்ததை யாரும் திருத்தவில்லை, கைதட்டல் எழுந்தது. "கடந்த ஆண்டு இந்த மாவட்டம் பல உயிர்களை இழந்தது. ஆனால் எமது பணியகத்தின் ஒரு படிவக் கோவைகூட நனையவில்லை என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்."

பிறகு ஒலிப்பதிவைப் போடச் சொன்னார்.

ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து ஒன்றும் வரவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி. முன் வரிசையில் ஒரு பெரிய மனிதர், இது மௌன அஞ்சலி என்று விளங்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் மண்டபமே தலைகுனிந்து நின்றது. நல்லம்மாவும் நின்றார்.

இரண்டு நிமிடம் ஆனபோது யாரோ இருமினார்கள். இருமியது மண்டபத்தில் இருந்த யாரும் அல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகத் தெளிவாக, பக்கத்தில் நிற்பது போல விஜிதா சொன்னாள்: "நானா, மைக்க கொஞ்சம் தள்ளி வைங்க. எச்சி தெறிக்கிது." ஒரு சின்னச் சிரிப்பு. "சரி. போவமா?"

அதற்குப் பிறகு மறுபடியும் ஒன்றும் இல்லை. பாட்டு இருக்க வேண்டிய இரண்டு நிமிடமும் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. பின் வரிசையில் கிஷாந்தின் கைகள் மட்டும் தன் தொடையில் அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தன.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அவள் பேசியது, மூச்சு வாங்கியது, தண்ணீர் கேட்டது எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு விநாடி தேறியிருந்தது. மேம்படுத்திய பதிவு பணியகத்தின் சொத்து. நல்லம்மாவுக்குக் கண்ணாடி போட்ட சான்றிதழும், அதைத் துடைக்க ஒரு மஞ்சள் துணியும் கிடைத்தன.

ஸுஹைலும் கிஷாந்தும் அவரைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல வெயில். ரத்தோட்டை பஸ் நிற்கும் இடத்தில் நல்லம்மா வாங்கில் உட்கார்ந்து, சான்றிதழைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"அம்மா, என்ன மன்னிச்சிருங்க" என்றான் ஸுஹைல். "நான்தான் அழிச்சேன். இவன் ஒன்ன ஒளிச்சு வைன்னு சொன்னான். நான் கேக்கல. என்னாலதான்."

நல்லம்மா கோபப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"இன்னைக்குக் கேட்டது எனக்குத் தெரிஞ்ச சத்தம் தம்பி" என்றார். "இருமுறது, தண்ணி கேக்குறது, சிரிக்கிறது. அது இருவத்துமூணு வருசமா என் காதுலதான் இருக்கு. யாரும் வந்து அழிக்க ஏலாது. எனக்குத் தெரியாத சத்தம் ஒன்னு அவளுக்கு இருந்துச்சுன்னீங்களே. அதக் கேக்கத்தான் வந்தேன்."

ஸுஹைல் கிஷாந்தைப் பார்த்தான். கிஷாந்த் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒங்களுக்குப் பாட்டுத் தெரியும்தானே?" என்றார் நல்லம்மா. "பாடுங்க."

"எனக்குப் பாட வராதும்மா."

"பாடுங்க."

தெரியும். நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு மூச்சும் எந்த இடத்தில் விழும் என்று தெரியும். ஸுஹைல் தரையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே சொன்னான்.

"தூங்காத பாப்பா தூங்காத... அம்மாயியத் தூங்க வச்சாங்க... அம்மாவத் தூங்க வச்சாங்க..."

"இப்படியா பாடுனா?"

"இல்ல. கத்துவா."

"அப்ப கத்துங்க."

கிஷாந்த் திரும்பினான். பஸ் நிலையத்து இரும்புத் தூணில் இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினான். ஸுஹைல் கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, தொண்டை கிழியக் கத்தினான்.

"தூங்காத பாப்பா தூங்காத!
அம்மாயியத் தூங்க வச்சாங்க!
அம்மாவத் தூங்க வச்சாங்க!
நூறு வருசம் தூங்கிட்டோம்!
தொட்டிலுக் கயிறு யாரு கையில?
கேளு! கேளு! கேளு!
தூங்காத பாப்பா தூங்காத!"

மரக்கறி மூட்டையோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பஸ்களின் நேரக் கணக்கர் தன் பெட்டிக் கடை போன்ற அறையிலிருந்து ஓடிவந்து, இங்கே கூச்சல் போடக்கூடாது, என்ன இது என்று சிங்களத்தில் அதட்டினார்.

"என் மகளோட பாட்டு" என்று நல்லம்மா சிங்களத்திலேயே சொன்னார். அந்த மனிதர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றார்.

பாட்டு முடிந்தபோது ஸுஹைலுக்கு மூச்சு இரைத்தது. நல்லம்மாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"இவ்வளவு கோவத்த எங்க வச்சிருந்தா?" என்றார். "எங்க காம்பராவுல ஒரு பெட்டி வைக்கக்கூட இடம் இல்லையே தம்பி."

பஸ் வந்தது. கொண்டக்டர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார். நல்லம்மா எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது என்று கிஷாந்த் சொன்னான்.

"இருக்கட்டும்" என்றார் நல்லம்மா. "முதல்ல இருந்து கத்துங்க. நானும் பழகிக்கிறேன்."